எழுதி வைத்தது எங்கே போயிற்று?

கைப்பேசியிலும் கணினியிலும் குறிப்பெடுக்க உதவும் செயலிகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் விடை தருகிறோம். ஒரே ஐயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: வீட்டிலேயே தையல் தொழில் செய்கிறேன். வாடிக்கையாளர்களின் அளவுகள், துணிக்கடைத் தொலைபேசி எண், பிள்ளையின் பள்ளிக் கட்டணத் தேதி, மின் இணைப்பு எண் என எதைத் தேடினாலும், ஒன்று நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் இருக்கிறது, ஒன்று எனக்கு நானே அனுப்பிக்கொண்ட வாட்ஸ்அப் செய்தியில் இருக்கிறது, மற்றது எங்கே என்றே தெரியவில்லை. குறிப்பெடுக்க எந்தச் செயலி சிறந்தது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: சிறந்தது எது என்று பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பெயர் வரும். வாங்கி உள்ளே போட்டுக்கொள்வதில் எல்லாச் செயலிகளும் கெட்டிக்காரத்தனம் காட்டுகின்றன. போட்டதை வேண்டிய நேரத்தில் எடுத்துக் கொடுப்பதிலும், நாம் வேறிடம் போக நினைத்தால் மொத்தத்தையும் கட்டிக் கொடுப்பதிலும்தான் அவற்றின் தரம் தெரியும். எனவே இந்த இரண்டையும் மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதும் என்பது என் கருத்து.

பழைய மளிகைக் கடைகளிலும் மண்டிகளிலும் இரண்டு புத்தகங்கள் இருக்கும். நடந்ததை நடந்த வரிசையில் அப்போதைக்கப்போது எழுதுவது சிட்டை. பிறகு உட்கார்ந்து ஆள்வாரியாகப் பிரித்துப் பதிவது பேரேடு. தமக்குத் தாமே செய்தி அனுப்பிக்கொள்ளும் வசதியை 2022 நவம்பரில் வாட்ஸ்அப் அறிவித்தபோது, பலருக்கும் அது நல்ல சிட்டையாக அமைந்துவிட்டது. சிட்டையாக அதில் ஒரு குறையும் இல்லை. தங்களிடம் பேரேடு இல்லை என்பதுதான் சிக்கல்.

ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருக்கிறீர்கள் என்றால், கூகுள் 2013-இல் வெளியிட்ட கீப் செயலியிலேயே தொடங்குங்கள். ஐபோன் என்றால் அதிலேயே உள்ள நோட்ஸ் போதும். ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பில் அவருடைய பெயரும் தெருவும் இருக்கட்டும், ஏனெனில் ஒரே பெயரில் மூன்று பேர் வருவார்கள். அடுத்த வரியில் அளவெடுத்த தேதி, அதற்குக் கீழே "உயரம் 14, மார்பு 36, இடுப்பு 31, கை நீளம் 9, கைச் சுற்று 12, முன் கழுத்து 6.5, பின் கழுத்து 8" என்று எப்போதும் இதே வரிசையில் எழுதி, கொடுத்துவிட்டுப் போன அளவு ரவிக்கையைப் படமெடுத்து அதே குறிப்பில் சேர்த்துவிடுங்கள். அளவு மாறினால் பழையதை அழிக்காமல் புதிய தேதியை மேலே எழுதுங்கள்; போன தீபாவளிக்குத் தைத்தது சரியாக இருந்ததே என்று யாராவது கேட்கும்போது பழைய வரி கைகொடுக்கும்.

லேபிள்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம்: தையல், வீடு, பள்ளி. மின் இணைப்பு எண், எரிவாயு நுகர்வோர் எண் போன்றவற்றை ஒரே குறிப்பில் எழுதி, அதை எல்லாவற்றுக்கும் மேலே இருக்குமாறு பொருத்திவிடுங்கள். கட்டணத் தேதியைக் குறிப்பில் எழுதாதீர்கள். தேதி உள்ளது எதுவாக இருந்தாலும் அது நாட்காட்டிச் செயலியின் வேலை. அன்று காலை தானாக மணியடிக்க வேண்டியது, நாமாகத் திறந்து பார்க்கும் குறிப்புக்குள் கிடந்து பயனில்லை. வாட்ஸ்அப் பழக்கத்தையும் விட வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை, கடை அடைத்த நாளில், அங்கே சேர்ந்தவற்றை இங்கே பதிந்து, அங்கே அழித்துவிடுங்கள். கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழாசிரியர் நான். குறிப்புகள் எல்லாவற்றையும் தமிழில்தான் எழுதுகிறேன். "வீடு" என்று தேடினால், "வீட்டுக்கு வந்த குழாய் வேலைக்காரர்" என நான் எழுதிய குறிப்பு வருவதில்லை. தமிழில் குறிப்பெடுப்பதே தவறோ என்று தோன்றுகிறது.
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: தவறே அன்று. தமிழில் பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்கும்போது உரு மாறும் என்று தங்களிடம் விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஆனால் அந்த இலக்கணம் பெரும்பாலான செயலிகளின் தேடுபெட்டிக்குத் தெரியாது. அதற்கு வீடும் வீட்டுக்கும் இரு வேறு சொற்கள்.

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான ஒருங்குறியில் (யூனிகோடு) "டு" என்பது ஒரே அலகாகச் சேமிக்கப்படுவதில்லை. ட என்ற எழுத்தும் அதையடுத்து உகரக் குறியும் என இரண்டு அலகுகளாகவே சேமிக்கப்படுகிறது. "ட்" என்பதும் அவ்வாறே ட-வும் புள்ளியுமாக இருக்கிறது. நம் இலக்கணத்தில் மெய்யின் மேல் உயிர் ஏறும். கணினியில் அகரமேறிய எழுத்தே அடிப்படையாக நின்று, குறிகள் பின்னால் ஒட்டுகின்றன. தமிழ் படித்தவர்கள் இந்த ஏற்பாட்டை நெடுங்காலமாகக் குறை சொல்லி வருகிறார்கள் என்றாலும், தேடலில் அது நமக்கு எதிர்பாராத ஓர் உதவியைச் செய்கிறது. "வீட" என்று அரைகுறையாகத் தட்டிப் பாருங்கள். சொல்லின் ஒரு பகுதியை ஒப்பிட்டுப் பார்க்கும் செயலி என்றால் வீடு, வீட்டில், வீட்டுக்கு ஆகிய மூன்றும் அகப்படும். "ஆற" என்று தட்டினால் ஆறும் ஆற்றங்கரையும் வரும், ஆறுதலும் சேர்ந்து வரும். "மர" என்றால் மரமும் மரத்தடியும் மட்டுமல்லாமல் மரபும் மரணமும் வந்து நிற்கும். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். முழுச்சொல்லை மட்டுமே ஒப்பிடும் செயலியில் இந்த வித்தை பலிக்காது. ஆகவே புதிதாக எந்தச் செயலியை நிறுவினாலும் முதல் வேலையாக இந்த "வீட" சோதனையைச் செய்துவிடுங்கள். தமிழில் எழுதுவோருக்கு அதன் வண்ணங்களையும் வார்ப்புருக்களையும் விட இது முக்கியம்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து கணினிக்கு வேறாக இருப்பவை அடுத்த தொல்லை. ஔவையார் என்பதை ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து "ஒளவையார்" எனத் தட்டுவோர் எண்ணற்றோர். ஒன்றைத் தேடினால் மற்றொன்று வராது. ஸ்ரீ என்ற எழுத்தை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005-இல் ஒருங்குறியில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் உருவம் ஒன்றே. "கொ" என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே அலகாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு அலகுகளாகவும் சேமிக்கலாம். நன்றாக எழுதப்பட்ட மென்பொருள் இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதும். எல்லா மென்பொருளும் நன்றாக எழுதப்படுவதில்லை. ஒரே விசைப்பலகையைத் தொடர்ந்து பயன்படுத்தினால் இந்தத் தொல்லைகளுள் பாதி ஒழியும். தங்களுக்குத் தமிழ்99 பழக்கமென்றால் கைப்பேசியிலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தொல்லை நம்முடையது. ஒருநாள் மருத்துவமனை என்று எழுதுகிறோம், மறுநாள் ஆஸ்பத்திரி என்கிறோம். வங்கியும் பேங்க்கும் அப்படியே. ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் "தேடுசொல்" என்று ஒரு வரி சேர்த்து, எழுவாய் வடிவில் நாலைந்து சொற்களை இடுங்கள். தாங்கள் சொன்ன குறிப்புக்கு "தேடுசொல்: வீடு, குழாய், பிளம்பர், தண்ணீர்த் தொட்டி, கசிவு" என்று இருக்கலாம். ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தொகுத்த நிகண்டின் வேலையைக் குறிப்பின் அடியில் ஒற்றை வரியில் செய்கிறோம், அவ்வளவே. தமிழாசிரியருக்கு இது சுமையாகவா இருக்கும்?

கேள்வி: பல வருடங்களாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்த குறிப்புகளைப் புதிய செயலியில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது. செயலியில் பிழையா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இல்லை. பாமினி தமிழை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வரைந்து காட்டும் எழுத்துரு. "தமிழ்" என்ற சொல் தங்கள் கோப்பில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் கிடக்கிறது. எழுத்துரு கழன்றவுடன் உள்ளிருப்பது வெளியே தெரிகிறது. பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகே செயலியில் சேர்க்க வேண்டும். ஆங்கிலச் சொற்களும் எண்களும் கலந்த பத்திகளைத் தனியே பிரித்துக்கொள்ளுங்கள், இல்லையேல் அந்த ஆங்கிலச் சொற்களும் தமிழெழுத்துக் குப்பையாக மாறிவிடும். எண்கள் சரியாக வந்தனவா என்று ஒவ்வொரு பக்கத்திலும் கண்ணால் பாருங்கள். மூலக் கோப்புகளை அழிக்காதீர்கள்.

கேள்வி: 2011 முதல் எவர்நோட்டில் குறிப்பெடுத்து வருகிறேன், ஏறத்தாழ 3,000 குறிப்புகள் சேர்ந்துள்ளன. இலவசக் கணக்கில் இப்போது புதிதாக ஒன்றும் சேர்க்க முடியவில்லை. சந்தா கட்டுவதா, வேறிடம் போவதா? நண்பர் ஒருவர் அப்சிடியன் என்கிறார்.
– வாசகர், சென்னை

பதில்: முதலில், பதற்றப்பட வேண்டியதில்லை. 2008-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்து, யானைச் சின்னத்தோடு இத்துறையின் முன்னோடியாக விளங்கிய எவர்நோட்டை, இத்தாலியைச் சேர்ந்த பெண்டிங் ஸ்பூன்ஸ் நிறுவனம் வாங்குவதாக 2022 நவம்பரில் அறிவிப்பு வந்தது. 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்புகள், ஒரு குறிப்பேடு என்று வரம்பு விதிக்கப்பட்டது. அதற்கு மேல் ஏற்கெனவே வைத்திருப்போர் பழைய குறிப்புகளைப் பார்க்கவும் திருத்தவும் வெளியே எடுக்கவும் தடையில்லை. எனவே நிதானமாக முடிவெடுக்கலாம். இணையப் பக்கங்களைக் கத்தரித்துச் சேர்ப்பதும், ஆவணங்களுக்குள் தேடுவதும் தங்கள் அன்றாடத் தொழிலாக இருந்தால் சந்தா கட்டுவது வீண் செலவாகாது. ஒரு பொருளைப் பயன்படுத்துகிறவர் அதற்கு விலை கொடுப்பதில் அநியாயம் எதுவுமில்லை.

போவதென்றால், கணினியில் உள்ள எவர்நோட்டைத் திறந்து ஒவ்வொரு குறிப்பேடாக ஏற்றுமதி செய்யுங்கள். எனெக்ஸ் என்ற வகைக் கோப்பு கிடைக்கும். கட்டற்ற மென்பொருளான ஜாப்லின் அதை நேரடியாகப் படிக்கும். அப்சிடியனில் அதற்கென்றே ஓர் இறக்குமதிக் கருவி இருக்கிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் நோட்புக் செயலியும் எவர்நோட்டிலிருந்து வருவோருக்கு வழி வைத்திருக்கிறது. 3,000 குறிப்புகளையும் ஒரே மூச்சில் மாற்றாமல், சிறிய குறிப்பேடு ஒன்றை முதலில் மாற்றி, அதில் இருபது குறிப்புகளைத் திறந்து பாருங்கள். இணைத்த படங்கள் வந்தனவா, குறிப்பு எழுதிய தேதி பழைய தேதியாகவே இருக்கிறதா அல்லது எல்லாமே இன்று எழுதியவை போல மாறிவிட்டனவா, ஒரு குறிப்பிலிருந்து மற்றொன்றுக்குக் கொடுத்த இணைப்புகள் வேலை செய்கின்றனவா என்று சோதியுங்கள். பெரும்பாலும் அறுந்துபோவது இந்தக் கடைசி வகைதான். பழைய கணக்கை ஆறு மாதமாவது மூடாமல் வைத்திருங்கள்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். பல ஆண்டுகளுக்கு முன், அழகாக இருக்கிறதே என்று ஒரு சிறு செயலியை நம்பி எழுதி வந்தேன். அது குறிப்புகளைக் கைப்பேசிக்குள் மட்டுமே வைத்திருந்தது என்பதை, பழைய கைப்பேசியைச் சுத்தமாக அழித்துக் கடையில் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கி வந்த அன்று மாலைதான் அறிந்தேன். போனவற்றுள் அம்மா சொல்லச் சொல்ல எழுதிய சாம்பார்ப் பொடி அளவும் ஒன்று. மறுபடி கேட்டபோது அம்மா சொன்ன அளவு வேறாக இருந்தது, முன்பு என்ன சொன்னாய் என்றால், "கண்ணளவுதான், அதை எழுதி வேறு வைத்தாயா?" என்றார். இன்றுவரை அந்த முதல் பொடி அமையவில்லை.

நண்பர் அப்சிடியனைச் சொன்னதற்கும் காரணம் இதுவாகவே இருக்கலாம். 2020-இல் வெளிவந்த அந்தச் செயலி, குறிப்புகளைத் தன் சொந்தக் கிடங்கில் பூட்டி வைக்காமல், நம் கணினியில் நாம் காட்டும் கோப்புறைக்குள் சாதாரண எழுத்துக் கோப்புகளாகவே வைக்கிறது. தலைப்புக்கு முன்னால் ஒரு சின்னம், தடித்த எழுத்துக்கு இருபுறமும் உடுக்குறி என்ற எளிய முறையில் அவை எழுதப்படுகின்றன. ஜான் குரூபர் 2004-இல் வெளியிட்ட மார்க்டவுன் என்னும் முறை அது. நாளை அப்சிடியனே இல்லாமற்போனாலும் நோட்பேடில் திறந்து படித்துவிடலாம். ஆனால் இலவசமாகக் கிடைக்கும் இந்த விடுதலைக்கு வேலை உண்டு: கணினியும் கைப்பேசியும் ஒத்திசைய நாமே ஏற்பாடு செய்ய வேண்டும், அல்லது அவர்களுடைய ஒத்திசைவுச் சேவைக்குப் பணம் கட்ட வேண்டும், காப்புநகல் எடுப்பதும் நம் பொறுப்பு. கோப்புறை, கோப்பு என்பவற்றில் கை பழகியவருக்கு மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன்.

பெரிய நிறுவனம் என்றால் இந்தக் கவலை இல்லை என்றும் எண்ண வேண்டாம். கூகுள் 2006-இல் தொடங்கிய நோட்புக் சேவை 2012-இல் மூடப்பட்டது. மூடும்போது குறிப்புகளை கூகுள் டாக்ஸுக்கு மாற்றிக் கொடுத்தார்கள், அது நல்ல முறை. இன்று கீப் பயன்படுத்துவோரும் ஆண்டுக்கொருமுறை கூகுள் டேக்அவுட் வழியாகத் தங்கள் குறிப்புகளை இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு குறிப்பும் உலாவியில் திறந்து படிக்கக்கூடிய தனிக் கோப்பாக வரும்.

கேள்வி: டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கிறேன். படித்ததையெல்லாம் ஒரு செயலியில் சேர்த்து இணைத்து வைக்கும் "இரண்டாம் மூளை" அமைத்தால் எல்லாம் நினைவில் நிற்கும் என்று காணொளிகளில் சொன்னதைக் கேட்டு, நோஷன் என்ற குறிப்புச் செயலியில் இரண்டு மாதமாகப் பக்கங்களை அமைத்துக்கொண்டிருக்கிறேன். பக்கம் அழகாக இருக்கிறது, பாடம் நகரவில்லை.
– வாசகி, மதுரை

பதில்: கடைசி வரியில் விடையைத் தாங்களே எழுதிவிட்டீர்கள். குறிப்பெடுக்கும் இடத்தை ஒழுங்குபடுத்துவது படிப்பதைப் போன்ற நிறைவைத் தரும், ஆனால் படிப்பாகாது. கோலம் போட்டு முடிப்பதற்குள் பந்தி முடிந்துவிடும்.

அந்தக் காணொளிகள் பலவற்றிலும் நிக்லாஸ் லூமான் என்ற ஜெர்மானியச் சமூகவியலாளரின் பெயர் வந்திருக்கும். 1927 முதல் 1998 வரை வாழ்ந்த அவர், பீலெஃபெல்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். மரப்பெட்டிகளில் ஏறத்தாழ 90,000 சீட்டுகளைச் சேர்த்தார். அவற்றை வைத்தே பல பத்து நூல்களை எழுதினார். கணினியைப் பயன்படுத்தவில்லை. சீட்டுகளைப் பொருள்வாரியாக அடுக்காமல், ஒரு சீட்டின் கருத்தைத் தொடரும் புதிய சீட்டை அதன் பின்னாலேயே செருகி, 1-க்கும் 2-க்கும் நடுவில் வந்தால் 1அ, அதற்கும் கிளை வந்தால் 1அ1 என்று எண்ணிட்டுக்கொண்டே போனார். ஒவ்வொரு சீட்டிலும் வேறெந்தச் சீட்டைப் பார்க்க வேண்டும் என்று எண் கொடுத்தார். குறிப்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் இன்றைய செயலிகள் செய்வது இதையேதான்.

ஆனால் லூமானுக்குப் பாடத்திட்டம் இல்லை. தேர்வுத் தேதி இல்லை. பல பத்தாண்டுகள் கையில் இருந்தன. எதிலிருந்து எது கிளைக்கும் என்று தெரியாத ஆராய்ச்சிக்கு அந்த முறை பொருந்தும். தங்களுக்கோ அலகு அலகாகப் பிரித்த பாடத்திட்டத்தை ஆணையமே அச்சிட்டுக் கொடுத்திருக்கிறது. அமைத்த பக்கங்களையெல்லாம் அழிக்க வேண்டாம், அதற்கும் ஒருநாள் போய்விடும். அப்படியே விட்டுவிட்டு, அலகுக்கு ஒரு பக்கம் மட்டும் புதிதாகத் தொடங்குங்கள். செய்திகளாக எழுதாமல் கேள்வி பதிலாக எழுதுங்கள். நோஷனில் ஒரு வரியைத் தட்டினால் அதனடியில் மறைந்திருப்பது விரியும் மடிப்புப் பட்டியல் வசதி இருக்கிறதல்லவா? மேலே "73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்த நாள் எது? சேர்ந்த அட்டவணை எது? அதில் எத்தனை பொருள்கள்?" என்று எழுதி, மடிப்புக்குள் "1993 ஏப்ரல் 24, பதினோராவது அட்டவணை, 29" என்று வையுங்கள். மறுநாள் திறந்ததும் விடையைப் பார்க்காமல் சொல்லிப் பார்த்து, பிறகே விரியுங்கள். பாடநூலிலிருந்து வெட்டி ஒட்டிய பத்தி ஒன்றுகூட இருக்கக் கூடாது. தங்கள் சொற்களில் சுருக்க முடியாத பகுதி இன்னும் புரியாத பகுதி என்று கொள்ளுங்கள்.

ஆண்டு, எண், பெயர் என்று மனப்பாடமாகவே வேண்டியவற்றுக்கு ஆன்கி என்ற இலவசச் செயலி இன்னும் பொருத்தம். தெரிந்த கேள்வியை நாள் தள்ளியும், தடுமாறிய கேள்வியை விரைவிலும் அதுவே திரும்பக் கேட்கும். நோஷனைப் பேருந்தில் பயன்படுத்துவதானால் வேண்டிய பக்கங்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இணையம் இல்லாமல் பயன்படுத்தும் வசதியே அதில் 2025 ஆகஸ்டில்தான் வந்தது. வண்ணம், அட்டைப்படம், சின்னம் மூன்றையும் தேர்வு முடியும் வரை தொடாதீர்கள்.

கேள்வி: வங்கிக் கடவுச்சொல், ஏடிஎம் ரகசிய எண், ஆதார் படம் ஆகியவற்றைக் குறிப்புச் செயலியில் வைத்திருக்கிறேன். பாதுகாப்பானதா?
– வாசகர், ஈரோடு

பதில்: இல்லை, இன்றே எடுத்துவிடுங்கள். கீப் போன்றவற்றில் முனைக்கு முனை மறையாக்கம், அதாவது செயலியை நடத்தும் நிறுவனம்கூடப் படிக்க முடியாத பூட்டு, கிடையாது. கணக்குக்குள் நுழைந்தவர் கையில் அனைத்தும் போய்விடும். கடவுச்சொற்களுக்கு பிட்வார்டன், கீபாஸ் போன்ற கடவுச்சொல் காப்பகங்கள் இருக்கின்றன. ஏடிஎம் எண்ணை எங்கேயும் எழுதாதீர்கள், அது மனத்திலேயே இருக்கட்டும். ஆதாரை டிஜிலாக்கரில் வையுங்கள்; யாருக்காவது படி அனுப்ப வேண்டியிருந்தால், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரை ஆணையத்தின் தளத்திலிருந்து இறக்கிக் கொடுங்கள்.

மைக்ரோசாஃப்டின் குறிப்புச் செயலியான ஒன்நோட்டில் ஒரு பிரிவுக்கு மட்டும் கடவுச்சொல் போட்டுப் பூட்டும் வசதி உண்டு. அந்தச் சொல்லை மறந்தால் மைக்ரோசாஃப்டாலும் திறந்து தர முடியாது என்பதையும், பூட்டிய பிரிவு தேடலில் அகப்படாது என்பதையும் அறிந்தே பயன்படுத்த வேண்டும்.

கேள்வி: காகிதக் குறிப்பேடு போதாதா?
– வாசகர், தருமபுரி

பதில்: போதும். பக்க எண்ணிட்டு, முதல் இரண்டு பக்கங்களைப் பொருளடக்கத்துக்கு ஒதுக்கினால், பாதிச் செயலிகளை விட நன்றாகவே போதும். மழையில் நனைந்தால் மட்டும் படி இருக்காது.

கேள்வி: எனக்கு 72 வயது. பட்டா எண், சர்வே எண், காப்பீடு, வைப்புத்தொகை விவரம், யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடம் வர வேண்டும் என எல்லாவற்றையும் கைப்பேசியில் ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறேன். எனக்குப் பின் என் மகனுக்கு இவை எப்படிக் கிடைக்கும்? கைப்பேசியின் பூட்டே அவனுக்குத் தெரியாது.
– வாசகர், திருச்சி

பதில்: வந்த கடிதங்களுள் மிகவும் யோசித்து எழுதப்பட்டது ஐயா தங்களுடையதுதான். கூகுள் கணக்கின் அமைப்புகளில் "செயலற்ற கணக்கு மேலாளர்" என்று ஒரு பகுதி உண்டு. கணக்கு 3, 6, 12 அல்லது 18 மாதம் பயன்படுத்தப்படாமல் இருந்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும், எந்தெந்தத் தகவல்களை அவர்கள் இறக்கிக்கொள்ளலாம் என்று முன்னதாகவே குறித்து வைக்கலாம். பத்துப் பேர் வரை சேர்க்கலாம். மகனுடைய மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் கொடுத்து, 3 மாதம் என்று தேர்ந்தெடுங்கள். இரண்டாண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்கைக் கூகுள் நீக்கிவிடலாம் என்ற விதி இருப்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஐபோன் வைத்திருப்போர் ஆப்பிள் கணக்கில் "மரபுத் தொடர்பாளர்" ஒருவரை நியமிக்கலாம். 2021 டிசம்பரில் வந்த வசதி இது. அதற்கென ஒரு திறவுகோல் எண் தருவார்கள். அதனுடன் இறப்புச் சான்றிதழையும் காட்டினால் குறிப்புகளும் படங்களும் கிடைக்கும், சேமித்த கடவுச்சொற்கள் கிடைக்கமாட்டா.

ஆனால் வைப்புத்தொகை விவரத்துக்கு மகன் 3 மாதம் காத்திருக்க வேண்டுமா? கணக்கு எங்கே, பத்திரம் எந்தப் பெட்டியில், முகவர் யார், கடன் யாரிடம் என்ற அளவில் ஒரே பக்கமாகத் தொகுத்து, கடவுச்சொல் எதுவும் இல்லாமல் அச்செடுத்து, தேதியிட்டுக் கையெழுத்திட்டுப் பீரோவில் வங்கிப் புத்தகங்களோடு வையுங்கள். வைத்த இடத்தை மகனிடமும் வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லிவிடுங்கள். ஆண்டுதோறும் போகியன்று பழைய தாளைக் கிழித்துவிட்டு, கைப்பேசியில் உள்ளதைச் சரிபார்த்துப் புதிய தாள் அச்செடுத்து அதே இடத்தில் வையுங்கள்.